வேலையிருந்தும் படகேறியவன்

மதிப்பிற்குரிய ஐயா,

திருட்டுத்தனமாகக் கடல் கடக்கப் புறப்பட்டு மாண்டுபோகும் இளைஞர்களைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். "ஊரிலேயே ஒரு வேலை கிடைத்துவிட்டால் யார் படகேறப் போகிறார்கள்?" என்று அதை முடித்திருந்தீர்கள். நான் பதினாறு ஆண்டுகளாகத் தொழிற்பயிற்சி ஆசிரியராக இருக்கிறேன். என்னிடம் வெல்டிங் படித்து, ஒரு பட்டறையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துவந்த மாணவன் ஒருவன் ஐந்து மாதங்களுக்கு முன் ஓர் ஏஜென்டை நம்பிப் புறப்பட்டுப் போனான். இன்றுவரை அவனிடமிருந்து வீட்டுக்கு ஒரு தகவலும் இல்லை. தனக்கு முன் போனவர்களில் இருவர் திரும்பவில்லை என்பது அவனுக்குத் தெரியும். வேலையும் இருந்து, ஆபத்தும் தெரிந்து ஒருவன் போகிறான் என்றால், உள்ளூரில் வாய்ப்புகளை உருவாக்க வேண்டும் என்ற பேச்சுக்கு என்ன பொருள்? இனி என் வகுப்பில் இருப்பவர்களிடம் நான் என்ன சொல்வது?

ஒரு தொழிற்பயிற்சி ஆசிரியர்
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் மேற்கோள் காட்டிய வரி தவறானது. மரணச் செய்திகளைத் தொடர்ந்து படித்த வேதனையில், ஆராயாமல் அதை எழுதிவிட்டேன். உங்கள் மாணவனைப் போன்றவர்கள் விதிவிலக்குகள் அல்லர் என்பதை நான் நினைவில் வைத்திருந்திருக்க வேண்டும். முறையான அனுமதியின்றி ஐரோப்பாவை அடைந்த ஏறத்தாழ 2,000 ஆப்பிரிக்கர்களிடம் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களில் 58 விழுக்காட்டினர் புறப்பட்ட நேரத்தில் வேலையிலோ படிப்பிலோ இருந்தவர்கள். வழியில் ஆபத்தைச் சந்தித்ததாக 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆபத்தை முன்பே நன்றாக அறிந்திருந்தால் ஊரிலேயே இருந்திருப்போம் என்றவர்களோ வெறும் 2 விழுக்காட்டினர். எச்சரிக்கைச் சுவரொட்டிகளையும் விழிப்புணர்வுக் கூட்டங்களையும் பெரிதாக நம்புவோர் இந்த எண்ணுக்கு முன் சற்று நின்று யோசிக்க வேண்டும். செனகலில் கடலேறும் இளைஞர்களிடையே "பார்சிலோனா, அல்லது பர்சக்" என்ற பொருளில் ஒரு சொல்வழக்கு உண்டு. பர்சக் என்பது இஸ்லாமிய நம்பிக்கையில் இறந்தவர்கள் மறுமை நாள்வரை இருக்கும் இடம். இப்படிச் சொல்லிக்கொண்டு புறப்படுகிறவனுக்குக் கடலில் சாவு உண்டு என்று நாம் புதிதாக அறிவிக்க என்ன இருக்கிறது?

ஆனால் இதைக் கொண்டு, வாய்ப்பை உருவாக்குவது வீண்வேலை என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். வாய்ப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் பிழை இருக்கிறது. உங்கள் மாணவனின் பயணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தீர்களா? பெரும்பாலான இடங்களில் இத்தகைய பயணத்துக்கான பணத்தைக் குடும்பம்தான் திரட்டுகிறது. நிலமோ கால்நடையோ விற்கப்படுகிறது, உறவினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள், மீதி வட்டிக்கு வாங்கப்படுகிறது. அதே இளைஞன் அதே தொகையைக் கேட்டு, சொந்தமாக ஒரு பட்டறை தொடங்கப்போகிறேன் என்று வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். வீட்டில் கேட்டால், கையில் இருக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு இந்தச் சூதாட்டம் எதற்கு என்பார்கள். உயிரைப் பணயம் வைக்கும் பயணத்துக்குக் கிடைக்கும் முதலீடு, உயிருக்கு ஆபத்தில்லாத தொழிலுக்குக் கிடைப்பதில்லை. ஏனென்றால் பயணம் வென்றால் வீடு கட்டலாம், தங்கையைப் படிக்கவைக்கலாம், தம்பியையும் அழைத்துக்கொள்ளலாம் என்பதைக் குடும்பம் அடுத்த தெருவிலேயே கண்டிருக்கிறது. உள்ளூர்ப் பட்டறை ஒன்று வென்று அப்படி ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியதை அது கண்டதில்லை. பத்து ஆண்டு கழித்தும் இதே கூலியில், இதே முதலாளியிடம் நின்றுகொண்டிருப்போம் என்ற கணக்கு உங்கள் மாணவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். அவனுக்கு வேலை இருந்தது. அந்த வேலைக்குள் அவன் ஏறிச்செல்ல அடுத்த படி இல்லை.

ஆகவே உள்ளூர் வாய்ப்பு என்பது அந்தப் பயணத்தோடு குடும்பத்தின் கணக்கில் போட்டியிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. மூன்று மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு கருவிப்பெட்டி ஆகியவற்றைக் கொடுத்து அனுப்பிவிடும் திட்டங்கள் அந்தப் போட்டிக்கே வருவதில்லை. ஒரே ஊரில் நாற்பது பேருக்குத் தையலோ வெல்டிங்கோ கற்றுக்கொடுத்தால் நாற்பது பேரும் இருக்கிற சிறிய சந்தையையே பங்குபோட்டுக்கொண்டு ஒருவர் கூலியை ஒருவர் குறைக்கிறார்கள். பயிற்சிக்கு முன்னாலேயே, அந்தப் பொருளை யார் வாங்குவார்கள், மின்சாரம் தடையின்றி வருமா, சரக்கை நகரத்துக்குக் கொண்டுபோகச் சாலை உண்டா, தொழில் முதல் ஆண்டில் நட்டப்பட்டால் கடனை யார் தாங்குவார்கள் என்ற கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். கடைசிக் கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. ஏழைக் குடும்பத்தின் தோல்வியைத் தாங்க யாரும் இல்லாத இடத்தில் இளைஞர்களைத் தொழில்முனைவோர் ஆகுங்கள் என்று சொல்வது, அவர்களை இன்னொரு படகில் ஏற்றுவதுதான்.

இருக்கிற வாழ்வாதாரத்தைப் பறிக்காமல் இருப்பதும் வாய்ப்பை உருவாக்குவதில் அடங்கும். மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தைப் பாருங்கள். மொரிட்டானியா, செனகல், காம்பியா ஆகிய நாடுகளின் கடலில் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் மீனை வாரிச் செல்கின்றன. கரையில் அமைந்த ஆலைகளோ ஏழைகளின் உணவான மத்தி வகைச் சிறுமீன்களை அரைத்து, பிற நாடுகளின் மீன் பண்ணைகளுக்குத் தீவனமாக அனுப்புகின்றன. மீனவனுக்கு வலையில் மீன் குறைந்தது. மீனை வாங்கிக் கருவாடாக்கியும் புகையூட்டியும் விற்றுவந்த பெண்களுக்குச் சரக்கு குறைந்தது. மீனுக்காகக் கட்டிய நீண்ட மரப்படகுகளே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகளை நோக்கித் திரும்பின. 2024இல் மட்டும் 46,000க்கும் மேற்பட்டோர் அந்தத் தீவுகளை அடைந்தார்கள். 2023 ஜூலையில் செனகலின் ஃபாஸ் போய் என்ற மீனவ ஊரிலிருந்து நூறு பேருக்கு மேல் ஏற்றிச்சென்ற படகு, ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு கேப் வெர்டே என்ற தீவுநாட்டின் அருகே தத்தளித்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 38 பேர். அந்த ஊருக்குப் புதுத் தொழிற்பயிற்சி தேவைப்பட்டிருக்கவில்லை, அவர்களுக்குத் தொழில் தெரியும். கடலில் மீன் மிஞ்சியிருந்தால் போதும்.

வழியை மட்டும் அடைத்துவிட்டுக் காத்திருப்பதன் பலனையும் பார்த்திருக்கிறோம். நைஜர் 2015இல் ஆள்கடத்தலுக்கு எதிராகச் சட்டம் இயற்றி, சகாராவின் வாசலான அகடெஸ் நகரிலிருந்து பயணிகளை ஏற்றிச்சென்ற ஓட்டுநர்களைச் சிறையில் அடைத்தது. மாற்றுத் தொழிலுக்கு வாக்களிக்கப்பட்ட உதவி சிலருக்கே கிடைத்தது. வண்டிகள் கிணறுகளற்ற தொலைதூரப் பாதைகளுக்கு மாறின. 2023 நவம்பரில் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிக ஏழ்மையான ஒரு நாட்டில் வருமானம் உயரத் தொடங்கும்போது, வெளியேறுவோர் எண்ணிக்கை உடனே குறைவதில்லை. பயணச் செலவுக்குப் பணம் சேர்வதால், பல காலம் அது கூடவும் செய்கிறது என்பதைப் பொருளியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே புலம்பெயர்வையே நிறுத்திவிடுவது நம் நோக்கமாக இருந்தால் தோற்போம். அது நியாயமான நோக்கமும் ஆகாது. போக விரும்புகிறவன் சாகாமல் போகவும், போனவன் அவமானமின்றித் திரும்பவும் முடிய வேண்டும். நியூசிலாந்து 2007 முதல் பசிபிக் தீவு மக்களைப் பருவகாலப் பண்ணை வேலைக்கு அழைத்து, பருவம் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்ப வழிசெய்யும் திட்டத்தை நடத்துகிறது. அதில் பங்கேற்ற டோங்கா, வனுவாட்டு குடும்பங்களின் தலைக்கு வருமானம் 30 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்ததாக ஆய்வு கண்டறிந்தது. சேமிப்போடு ஊர் திரும்புகிறவன் வங்கி தராத மூலதனத்தை ஊருக்குக் கொண்டுவருகிறான். அத்திட்டத்திலும் முதலாளிகளின் சுரண்டல் குறித்த முறையீடுகள் உண்டு. கண்காணிப்பின்றி அதை நகலெடுக்கச் சொல்லமாட்டேன். ஆயினும் சட்டப்படியான கதவு ஒன்று உண்மையில் திறந்திருக்கும் இடத்தில் ஏஜென்டின் பேச்சு எடுபடுவது கடினம்.

உங்கள் வகுப்பில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். போகாதே என்று சொல்வதற்கு முன், ஏஜென்டுக்குத் தரும் தொகை எவ்வளவு, அதை எவரெவர் தருகிறார்கள், அந்தத் தொகை இங்கே என்னவாக முடியும் என்ற கணக்கை மாணவர்களோடு சேர்ந்து எழுதிப்பாருங்கள். ஐந்தாறு பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு பட்டறையைக் கூட்டாக எடுத்து நடத்த உங்கள் நிலையத்தால் ஈடு நிற்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். தோற்றால் கடன் ஒருவன் தலையில் மட்டும் விழாது. பாதியில் திரும்பி வந்தவன் எவனாவது ஊரில் முகம்காட்டாமல் இருந்தால், அவனை வகுப்புக்கு அழையுங்கள். பாடம் சொல்ல அல்ல, வேலைக்கு. கடனோடும் வெட்கத்தோடும் திரும்பியவனை ஊர் ஒதுக்கிவிட்டால் அவன் மறுபடியும் புறப்படுவான்.

உங்கள் மாணவனைப் பற்றி: வழியில் தொடர்பறுந்தவர்களைக் குடும்பங்களுக்காகத் தேடித்தரும் பணியைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் பல நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களும் கட்டணமின்றிச் செய்கின்றன. தடுப்பு முகாம்களிலும் மருத்துவமனைகளிலும் பெயர் தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. ஐந்து மாத மௌனத்தை முடிவாகக் கொள்ள வேண்டாம். விண்ணப்பிக்க அவன் குடும்பத்தினர் அஞ்சுவார்கள், ஏஜென்டுக்கோ காவல்துறைக்கோ தெரிந்துவிடுமோ என்று தயங்குவார்கள். நீங்கள் உடன் செல்லுங்கள். புறப்பட்ட நாள், கடைசியாகப் பேசிய இடம், உடலில் உள்ள அடையாளங்கள், அண்மையில் எடுத்த புகைப்படம் ஆகியவற்றைத் தாயிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெல்டிங் வேலையில் கையில் பட்ட தீத்தழும்புகள் இருந்தால், அவற்றை அறிந்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள், அவற்றையும் எழுதுங்கள்.