வீல் நட் இறுக்கம்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்டெப்னி மாட்டும்போது ஸ்பேனர் மேல் ஏறி மிதித்துத்தான் இறுக்குகிறேன். சரிதானே?

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். 30 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 70 கிலோ ஆள் ஏறி நின்றாலே நட்டில் விழும் முறுக்கு 200 நியூட்டன் மீட்டர் தாண்டிவிடும். பெரும்பாலான கார்களுக்குத் தேவை 90 முதல் 130 வரைதான். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். நட்டு ஏறும் மரைக் கம்பிதான் ஸ்டட்; அதை ஒரு ஸ்பிரிங்காக நினைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது அது மயிரிழை நீளும். பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுப்புதான் வீலை ஹப்போடு, அதாவது வீல் உட்காரும் நடுப்பகுதியோடு, அழுத்திப் பிடிக்கிறது. அளவுக்கு மீறி இழுத்தால் ஸ்டட் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும், பிடி போய்விடும். கையால் மரையில் ஏற்றி, எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

கேள்வி: புது டயர் போட்டு இரண்டு நாள். மெதுவாகப் போகும்போது 'டக் டக்' சத்தம்.

பதில்: ஓட்டாதீர்கள். ஓரங்கட்டி நட்டுகளைப் பாருங்கள். நட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் துருக்கோடு வழிந்திருந்தாலோ, நட்டைச் சுற்றி வீல் தேய்ந்து பளபளத்தாலோ வீல் அசைந்துகொண்டிருக்கிறது. மாட்டும்போது ஹப் முகத்தில் துருவையோ பெயிண்ட்டையோ விட்டுவைத்தால் அது ஓட்டத்தில் நசுங்கும், இறுக்கம் குறையும். 100 கிலோமீட்டருக்குள் மறுபடி பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: மரையில் எண்ணெய் தடவலாமா?

பதில்: காரில் வேண்டாம். கையேட்டில் உள்ள அளவு உலர்ந்த மரைக்கானது.

கேள்வி: நான் மறுக்கிறேன். லாரியில் எண்ணெய் விட்டுத்தான் மாட்டுகிறோம், ஒரு நட்டும் கழன்றதில்லை.

பதில்: நீங்கள் சொல்வது லாரிக்குச் சரி, காருக்கு ஆகாது. லாரியின் வாஷரோடு சேர்ந்த இரண்டு துண்டு நட்டில், வாஷருக்கும் நட்டுக்கும் இடையே ஒரு சொட்டு விடும்படி பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பெரும்பாலான கார்களில் வாஷர் இல்லாமல் நட்டின் கூம்பு முகமே வீலில் உட்காருகிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதியை உராய்வு தின்றுவிடும். பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. எண்ணெய் விட்டால் உராய்வு குறைந்து, அதே 110 நியூட்டன் மீட்டரில் ஸ்டட் மிக அதிகமாக இழுபடும்.

கேள்வி: அப்படியானால் துருப்பிடித்த மரைக்கு?

பதில்: கம்பி பிரஷ். எண்ணெய் இல்லை.

கேள்வி: நட்டில் மாட்டும் மஞ்சள் அம்புக்குறி போதுமா?

பதில்: நட்டு திரும்பினால் காட்டும். திரும்பாமலே இறுக்கம் குறைந்தால் காட்டாது.

கேள்வி: 100 கிலோமீட்டர் கழித்து மறுபடி இறுக்கணுமா?

பதில்: மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஆமாம்.

கேள்வி: டயரில் காற்று எவ்வளவு?

பதில்: ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள்.

கேள்வி: வீல் துளை முட்டை வடிவமாகிவிட்டது. நன்றாக இறுக்கி ஓட்டலாமா?

பதில்: கூடாது. அந்த வீல் முடிந்தது. ஸ்டட்டுகளையும் முழுசாக மாற்றுங்கள். முறியாதவையும் வளைந்து களைத்திருக்கும்.