வங்காள டிவி காமெடியில் பக்கத்து வீட்டார் மீனுக்காக ஏன் சண்டை போடுகிறார்கள்?

மீன் ஒரு சாக்குதான். பெரும்பாலும் ஒரு வீடு 'கோட்டி', அதாவது மேற்கு வங்கத்துப் பூர்வீகக் குடும்பம். மற்றது 'பாங்கால்', கிழக்கு வங்கத்திலிருந்து (இன்றைய வங்கதேசம்), முக்கியமாக 1947 பிரிவினையை ஒட்டி, வந்த குடும்பம். 'சாப்பிட்டேன்' என்பதை முன்னவர் 'கெயேச்சி' என்பார், பின்னவர் 'காய்சி' என்பார். பாதி சிரிப்பு அதிலேயே வந்துவிடும். டாக்கா பேச்சை வைத்தே சினிமாவில் கொடிகட்டிப் பறந்தவர் நகைச்சுவை நடிகர் பானு பந்தோபாத்யாய்.

அப்புறம் கால்பந்து. கோட்டிகளுக்கு 1889-இல் தொடங்கிய மோகன் பகான், பாங்கால்களுக்கு 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால். முன்னது ஜெயித்தால் இறால், பின்னது ஜெயித்தால் இலிஷ் மீன். தோற்ற வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்து வீட்டு மீன் வறுவல் வாசம் வந்தால் எப்படியிருக்கும்! 'பருப்பில்கூட சர்க்கரை போடுகிறவர்கள்' என்று கோட்டிகளைப் பற்றிப் பாங்கால் மாமியார் முணுமுணுப்பது தனி ரகம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் காதல் வந்துவிட்டால் கதை ரெடி.