நாக்கில் புற்றுநோய், ஆனால் அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது, ஓயாத விடாயும் இருக்கிறது. மூளைக்குப் பரவிவிட்டதா?

பரவியும் இருக்கலாம். அதற்கு முன் இரத்தத்தில் கல்சியமும் சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. விடாயும் தடுமாற்றமும் சேர்ந்து வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடியில் என் பெரியம்மாவை வெற்றிலை வட்டா இல்லாமல் நான் கண்டதில்லை. புகையிலையைக் கடைவாயில் அடக்கியபடியே நித்திரையாகிவிடுவா. புண் வந்ததும் அதே கன்னத்தில்தான். சிகிச்சை முடிந்து சில மாதத்தில் கழுத்தில் திரும்பவும் கட்டி. பிறகு ஒரு விடாய்: செம்பு செம்பாகக் குடிப்பா, இரவில் ஐந்தாறு தரம் சலத்துக்கு எழும்புவா. சீனி வருத்தமாக்கும் என்று விரலில் குத்திப் பார்த்தோம், சீனி சரி. மலச்சிக்கல், சத்தி. ஒரு நாள் என்னைப் பார்த்து, "நீங்க ஆர்ர மகன்?" என்றா. கவலையில் இப்படி என்றார்கள், பேய் என்றும் சொன்னார்கள். வார்ட்டில் பார்த்தால் கல்சியம் 14க்குக் கிட்ட (mg/dL அளவில்). 10.5ஐத் தாண்டக் கூடாது.

கழுத்தில் தைரொயிட்டுக்குப் பின்னால் நான்கு சிறு சுரப்பிகள் கல்சியத்தை அளந்து வைத்திருக்கின்றன. வாயில் வரும் செதில்கலப் புற்றுநோய் சில பேரில் அந்தச் சுரப்பியின் ஹோர்மோனைப் போலவே ஒரு புரதத்தைச் சுரக்கும். 1987இல்தான் அதை இனங்கண்டார்கள். பாலூட்டும் தாயின் எலும்பிலிருந்து பாலுக்குக் கல்சியம் எடுத்துக் கொடுப்பதும் இதே புரதம்தான். கட்டி சுரக்கும்போது கட்டுப்பாடு கிடையாது: எலும்பு கரைகிறது, சிறுநீரகம் கல்சியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டு தண்ணீரை இழக்கிறது. உடம்பு வற்ற வற்றக் கல்சியம் இன்னும் ஏறும். எலும்பில் நோய் பரவியிருக்க வேண்டும் என்றே இல்லை.

பெரியம்மாவுக்குச் சேலைன் ஏற்றினார்கள், எலும்பு கரைவதைத் தடுக்கும் சொலெட்ரோனிக் அமிலமும் கொடுத்தார்கள். அது வேலை செய்ய இரண்டு மூன்று நாள் எடுக்கும். நான்காம் நாள் காலையில், "மனே, கோழிக்குத் தீன் போட்டயா?" என்று கேட்டா. கட்டி இருக்கும்வரை கல்சியம் திரும்ப ஏறும் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஏறியது. ஆனாலும் அந்த இரண்டு மாதமும் எங்களை அடையாளம் தெரிந்த பெரியம்மாவாக இருந்தா.

சோடியத்தைச் சொன்னதற்குக் காரணம், சில கட்டிகள் தண்ணீரை உடம்பில் தேக்கும் ஹோர்மோனைச் சுரக்கும். அப்போது சோடியம் 135க்குக் கீழே (mmol/L அளவில்) இறங்கும், புத்தி அதேபோலத் தடுமாறும். சோடியம் இறங்கியவர்களுக்கு வெறும் தண்ணீர் கூடக் கூட ஆபத்து. வீட்டில் ஊகித்து வைத்தியம் பார்க்க முடியாது.

போகும்போது மருந்துப் பையையும் கொண்டு போங்கள். பெரியம்மாவின் பையில் ஒரு போத்தல் கல்சியம் வில்லை இருந்தது. எலும்புக்கு நல்லதென்று நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.