கயாக்கில் கடலுக்குப் போகிறவர் எந்த ரீல் வாங்குவது?

கேள்வி: கயாக்கில் கடல் மீன்பிடிக்கப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் இரண்டு ஸ்பின்னிங் ரீல் இறுகிப்போய்விட்டன. மூன்றாவது வாங்கப் போன இடத்தில், ‘10 பேரிங், 20 கிலோ டிராக், உப்புத்தண்ணீருக்கென்றே செய்தது’ என்று ஒன்றைக் காட்டினார்கள். விலை, முந்தைய இரண்டின் மொத்தத்துக்கும் மேல். நம்பி வாங்கலாமா?

பதில்: பேரிங் என்பது சுழலும் பாகத்தை இலேசாகச் சுற்றவிடும் வளையம். டிராக் என்பது மீன் இழுக்கும்போது லைனைப் பிடித்துப் பிடித்து விடும் பிரேக். 10 பேரிங், 20 கிலோ இரண்டையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். உங்கள் இரண்டு ரீலும் வீணானதற்கு அவை குறைவாக இருந்தது காரணமில்லை. உப்பு உள்ளே போனதுதான் காரணம். அது எந்த வழியாகப் போகிறது, போனால் திறந்து துடைக்க முடியுமா, இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

பெரிய படகிலோ கரையிலோ நிற்பவரின் ரீல் தண்ணீரிலிருந்து தள்ளியே இருக்கும். கயாக்கில் அது மடிக்கும் அலைக்கும் நடுவில் கிடக்கிறது. துடுப்பிலிருந்து சொட்டுவது, கரை அலையைத் தாண்டும்போது மேலே கொட்டுவது, மீனைப் பிடித்த ஈரக்கை என்று நாள் முழுக்க நனைகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ‘போன வாரம் நன்றாகச் சுற்றியதே, மூலையில்தானே சாத்தி வைத்திருந்தேன்’ என்று பலரும் கேட்கிறார்கள். மூலையில் இருந்த அந்த ஒரு வாரமும் அரிப்பு நடந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

பெரும்பாலும் முதலில் கெடுவது லைன் ரோலர். லைன் வளைந்து, அது சுற்றியிருக்கும் ஸ்பூலுக்குப் போகும் இடத்தில் இருக்கிற அந்தச் சின்ன உருளை. நனைந்த லைன் முழுவதும் அதன் மேல்தான் ஓடுகிறது. நண்பர் ஒருவரின் ரீலைச் சமீபத்தில் பிரித்துப் பார்த்தேன். கைப்பிடி வெண்ணெய் மாதிரி ஓடியது. ரோலரை விரல் நுனியால் தள்ளினால் அசையவே இல்லை. பின்னல் லைன் ஒரே இடத்தில் உரசி உரசி, உருளையில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. கழற்றினால் உள்ளே பேரிங் ஒரு பழுப்பு வளையமாக ஒட்டிக் கிடந்தது. லைன் ஏன் அடிக்கடி அறுகிறது என்று அவர் லைனைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்.

ஆகவே பேரிங் எத்தனை என்று கேட்காதீர்கள். லைன் ரோலர் பேரிங்குக்குத் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீல் உண்டா, அது தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். கடல் உப்பு அதையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். நல்ல பேரிங் ஐந்தாறு இருந்தால் போதும். அதற்கு மேல் சேர்கிற ஒவ்வொன்றும் பராமரிக்க வேண்டிய இன்னொரு இடம்.

டிராக் விஷயத்துக்கு வருவோம். 30 பவுண்டு லைன் ஏறக்குறைய 13.5 கிலோவில் அறுகும். டிராக்கை அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பதுதான் வழக்கம். அதாவது மூன்றரை முதல் நாலரை கிலோ. அதோடு பெரிய மீன் கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுவையே அதைக் களைப்பாக்கும். மீன் பக்கவாட்டில் பாயும்போது டிராக் 20 கிலோவில் இறுகியிருந்தால், லைன் தாங்கினாலும் நீங்கள் கவிழ்வீர்கள். எவ்வளவு தாங்கும் என்பதைவிட எவ்வளவு சீராக விடுகிறது என்பதுதான் முக்கியம். கடையிலேயே டிராக்கைத் தளர்த்தி, லைனை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதல் அசைவில் வெட்டி இழுத்தால் அந்த ரீல் வேண்டாம். உள்ளே கார்பன் ஃபைபர் வாஷர் இருப்பது நல்லது.

உடல் எதில் செய்தது என்பதும் முக்கியம். கிராஃபைட், பிளாஸ்டிக் கலவை துருப்பிடிக்காது. ஆனால் பெரிய மீன் இழுக்கும்போது வளைந்து பல்சக்கரங்களை விலக்கிவிடும். அலுமினியம் விறைப்பாக நிற்கும். ஆனால் அதில் ஸ்டீல் திருகு இறங்கும் இடத்தில் இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும், திருகு இறுகிக்கொள்ளும். வாங்கிய அன்றே திருகுகளின் மரையில் கொஞ்சம் மரைன் கிரீஸ் தடவினால் இது பெரிதும் குறையும். மெக்னீசியம் உடல் கைக்கு இலேசாக இருக்கும். கயாக்குக்கு நான் சொல்ல மாட்டேன். ஒரு கீறலில் பூச்சு போய்விட்டால் அரிப்பு வேகமாகப் பரவும்.

கரையோர மீனுக்கு என் தேர்வு இது: 4000 அல்லது 5000 எண் போட்ட நடுத்தர அளவு, அலுமினிய உடல், சீல் செய்த ரோலரும் டிராக்கும், உதிரிபாகம் கிடைக்கிற மாடல். கைப்பிடி குறுக்கே போல்ட் போட்டு இறுக்குவதாக இல்லாமல் நேராக உள்ளே திருகுவதாக இருந்தால் ஆட்டம் வராது. பணம் இடிக்கிறது என்றால் டாய்வா பிஜி, பென் பேட்டில் 3 மாதிரி முழு சீல் இல்லாத, உலோக உடல் ரீல்களும் போதும். ஆனால் மாதம் ஒரு முறை பிரித்துத் துடைக்க உங்களுக்குப் பொறுமை இருக்க வேண்டும். இல்லையென்றால் சீல் செய்ததற்கே பணத்தைச் சேருங்கள்.

கேள்வி: பெட்டியில் ‘ஐபிஎக்ஸ்6’ என்று போட்டிருக்கிறது. கயாக் கவிழ்ந்து ரீல் தண்ணீருக்குள் போனாலும் ஒன்றும் ஆகாது என்றுதானே பொருள்?

பதில்: அப்படிப் பொருள் இல்லை. ஐபிஎக்ஸ் என்பது ஒரு பொருள் தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்று சோதித்துத் தரும் குறியீடு. 5, 6 இரண்டும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பார்க்கும் சோதனை. 5-ல் நிமிடத்துக்கு 12.5 லிட்டர், 6-ல் 100 லிட்டர். முக்கிப் பார்ப்பது 7-ல்தான்: ஒரு மீட்டர் ஆழம், 30 நிமிடம். இவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல. 7 மட்டும் போட்ட பொருள் 5, 6 சோதனைகளைத் தாண்டியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புதுப் பொருளின் மேல். ஒரு வருடம் மணலும் உப்பும் உரசிய ரப்பர் சீலைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

அதற்காக சீல் வீண் என்று சொல்லவில்லை. பென் ஸ்பின்ஃபிஷர் 6 ஐபிஎக்ஸ்5, ஸ்லாமர் 4 ஐபிஎக்ஸ்6. கயாக்கில் நாள் முழுக்க விழும் தெறிப்புக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் சீல் தண்ணீரை உள்ளே விடாதது போலவே, எப்படியோ உள்ளே போய்விட்ட தண்ணீரை வெளியேயும் விடாது. ஆகவே சீல் செய்த ரீலையும் வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

டாய்வாவின் ‘மேக் சீல்டு’ வேறு வகை. ரப்பருக்குப் பதில், காந்தம் பிடித்து நிறுத்தும் ஓர் எண்ணெய் அந்த இடைவெளியை அடைக்கிறது. ராக்கெட் எரிபொருளுக்காக நாசாவில் 1963-ல் உருவாக்கிய காந்தத் திரவம்தான் இதற்கு முன்னோடி. உரசல் இல்லாததால் சுற்றுவது மிக இலேசாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் சாதாரண எண்ணெயை விட்டால் அடைப்பு கெட்டுவிடும், வீட்டில் பிரித்து மாட்டவும் கூடாது. சர்வீஸ் மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். தானே திருப்புளி பிடிப்பவர்களுக்கு ரப்பர் சீல் வைத்ததுதான் வசதி.

கேள்வி: ஸ்பின்னிங் ரீலை விட மேலே உட்காரும் ஓவர்ஹெட் ரீல் உப்பைத் தாங்கும் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். லைனை ஸ்பூலுக்குத் திருப்பும் கம்பி வளையமான பெயில் இல்லை, லைன் ரோலர் இல்லை, அதனால் முதலில் கெடுகிற பாகங்களே இல்லை. கயாக்குக்கு நேர் கீழே ஜிக் என்ற உலோகப் போலி இரையையோ நிஜ இரையையோ இறக்குபவர்களுக்கு உருண்டையான சின்ன ஓவர்ஹெட் மிக நல்லது. தூர வீச வேண்டுமென்றால் ஸ்பின்னிங்தான் சுலபம். ஓவர்ஹெட்டிலேயே தட்டையான வகையான பெயிட்காஸ்டரை மட்டும் தவிருங்கள். லைனைச் சீராகப் பரப்பும் அதன் முன்பக்கச் சுழல்தண்டு திறந்தே இருக்கிறது, உப்பு நேராக அங்கேதான் படியும்.

கேள்வி: அலையில் கயாக் புரண்டு, ரீல் பத்து நிமிடம் தண்ணீருக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் சுற்றுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: வேண்டாம், இன்றே பாருங்கள். நன்றாகச் சுற்றுவது உப்பு இன்னும் ஈரமாக இருப்பதால்தான்.

டிராக்கை நன்றாக இறுக்கிவிட்டு, வெளியே மென்மையாக நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். குழாயை அழுத்திப் பீய்ச்சினால் மேலே இருக்கும் உப்பு உள்ளே போகும். அப்புறம் ஸ்பூலைக் கழற்றி, அச்சைத் துடைத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து கிரீஸைப் பாருங்கள். பால் கலந்தது மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பழைய கிரீஸை முழுக்க வழித்து, துடைத்து, உலரவிட்டு, புதியது வையுங்கள். திறக்கப் பயமாக இருந்தால் அன்றோ மறுநாளோ சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள். வாரக்கடைசிக்குத் தள்ளிப்போட்டால் பேரிங் போயிருக்கும்.

பலரும் மறக்கிற இடம் ஒன்று உண்டு: ஸ்பூலில் லைனுக்கு அடியில். பின்னல் லைன் உப்புநீரைத் திரி மாதிரி உறிஞ்சி அடிவரை கொண்டுபோகும். லைன் வழுக்காமல் இருக்க ஒட்டிய டேப்பை ஒரு முறை உரித்தபோது, அதன் விளிம்பைச் சுற்றி ஸ்பூலின் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தண்ணீரில் மூழ்கிய ஸ்பூலின் லைனை முழுக்க உருவி, தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சுற்றுங்கள். அடியில் டேப்புக்குப் பதில் கொஞ்சம் தங்கூசி நரம்பு சுற்றினால் வழுக்கவும் செய்யாது, இந்தத் தொல்லையும் குறையும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர் அமுங்கி ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த முறை அலையைத் தாண்டும்போது ராடுகளைப் படுக்க வைத்துக் கட்டி, ரீலுக்கு உறை போட்டுவிடுங்கள். ஒவ்வொரு ராடுக்கும் ஒரு கயிறும் இருக்கட்டும்.

கேள்வி: ஆறு மாதத்தில் ரீல் இறுகியது. உத்தரவாதம் ஒரு வருடம். ‘துரு என்றால் உத்தரவாதம் கிடையாது, நீங்கள் சரியாகக் கழுவவில்லை’ என்று விற்றவர் திருப்பி அனுப்பிவிட்டார். இது நியாயமா?

பதில்: உத்தரவாதச் சீட்டை எடுத்துப் படியுங்கள். பலவற்றில் அரிப்பு, தேய்மானம், பராமரிப்புக் குறைவு ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். ஆனால் பெட்டியிலோ விளம்பரத்திலோ ‘கடல்நீருக்கு ஏற்றது’, ‘சீல் செய்தது’ என்று எழுதியிருந்தால் அதுவும் உங்களுக்குத் தந்த வாக்குதான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில், வாங்கிய தேதி, வரிசை எண், எந்தப் பாகம் இறுகியது என்பதற்கான படம் எல்லாவற்றையும் சேர்த்து, விற்றவருக்கு அல்ல, தயாரித்த நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு நிற்காது. அதற்குள் நீங்களே பிரித்துவிடாதீர்கள். திருகில் கைவைத்த தடம் தெரிந்தால் அதையே காரணமாகக் காட்டுவார்கள். வாங்கும்போதே ‘துரு இதில் சேருமா’ என்று கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியில் வாங்கி வைத்தால் பின்னால் இந்த அலைச்சல் குறையும்.

கேள்வி: ஒருவர் தன் விலை உயர்ந்த ரீலைப் பாதி விலைக்குத் தருகிறார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. எடுக்கலாமா?

பதில்: வெளியே பார்க்காதீர்கள். ஸ்பூலைக் கழற்றச் சொல்லுங்கள். அச்சின் அடியில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா, லைன் ரோலர் விரலுக்குச் சுற்றுகிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் காதருகே வைத்து மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் நல்ல ரீல் மாதிரியே கேட்கும், மெதுவாகச் சுற்றும்போதுதான் மணல் நெரிகிற மாதிரி ஓர் உணர்வு விரலில் தெரியும். கைப்பிடியைப் பின்பக்கமாக வெடுக்கென்று திருப்பிப் பாருங்கள். நழுவினால் உள்ளே இருக்கிற ஒருவழி கிளட்ச் உப்பில் கெட்டிருக்கலாம். ஸ்பூலைக் கழற்ற அவர் தயங்கினால் எடுக்காதீர்கள்.