படுவான்கரையில் பெரிய வைத்தியசாலை கட்டுவதென்றால் எதை முதலில் திட்டமிட வேண்டும்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பெரிய வைத்தியசாலை வந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதில்லைதானே என்று கேட்டிருந்தீர்கள். கட்டடம் எப்படியும் எழும்பிவிடும், ஆளணிதான், அதாவது வேலைக்கு ஆட்கள்தான் சிக்கல். ஒரு சிசேரியனுக்கு மகப்பேற்று நிபுணர் மட்டும் போதாது. மயக்க மருந்து நிபுணர், கைக்கெட்டும் தூரத்தில் இரத்தம், பிள்ளையைப் பார்க்க வைத்தியர், நள்ளிரவில் மின்சாரம் போனால் உடனே இயங்கும் ஜெனரேட்டர் எல்லாம் வேண்டும். நிபுணர் ஒருவர் உருவாக, மருத்துவப் பட்டத்துக்குப் பிறகும் பல வருடம் பிடிக்கும். வந்தவரும் குவாட்டர்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் சரிவராவிட்டால் இடமாற்றம் கேட்பார். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆகவே அத்திவாரம் வெட்டும்போதே ஆளணி அனுமதியையும் கேட்க வேண்டும்.

அப்புறம் வெள்ளம். மார்கழி மழைக்கு வவுணதீவுப் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும். காணி மலிவு என்று பள்ளத்தில் கட்டினால் அவசரத்துக்கு வள்ளம்தான். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்ததால் கொக்கட்டிச்சோலைக்காரருக்குப் பயணம் குறைந்துவிட்டது. அதனால் கிலோமீற்றரை விட்டுவிட்டு, மழைநாளில் எத்தனை நிமிடம் என்று ஊர் ஊராகக் கணக்கெடுப்பது நல்லது.

என்னைக் கேட்டால், இருக்கிற பிரதேச வைத்தியசாலை ஒன்றை முதலில் தரமுயர்த்தலாம். வயலில் பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து ஏற்றினால் ஒவ்வாமை வரலாம். பக்கத்தில் நின்று கவனிக்க இரவிலும் வைத்தியரும் தாதியும் வேண்டும். அதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.