டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த தேவதையை யூதக் கலைஞர் மெல் அலெக்ஸன்பர்க் ஃபேக்ஸில் அனுப்பியது ஏன்? அதில் யூத ஆன்மிகம் எங்கே இருக்கிறது?

எபிரேயத்தில் தேவதைக்கு 'மலாக்' என்று பெயர்: மேம், லாமெட், ஆலெஃப், காஃப் என்று நான்கே எழுத்துகள். கடைசியில் ஹே சேர்த்தால் 'மெலாகா', அதாவது கைவேலை. யூதர்களின் புனித நூலான தோராவில் வழிபாட்டுக் கூடாரம் கட்டிய கைவினைக்கும், வாராந்தர ஓய்வு நாளான சப்பாத்தில் விலக்கப்பட்ட 39 வகை வேலைகளுக்கும் இதே சொல்தான். 'மலாக்' என்றால் தூதன் என்றும் பொருள். செய்தி சுமப்பவனை ஃபேக்ஸில் அனுப்பியது அதனால்தான்.

ரெம்பிராண்ட் இறந்தது 1669 அக்டோபர் 4. சரியாக 320 ஆண்டுகள் கழித்து, 1989 அக்டோபர் 4 அன்று, அவருடைய தேவதை கணினியில் எண்மமாக்கப்பட்டு, 28 தாள்களாகப் பிரிந்து நியூயார்க்கிலிருந்து செயற்கைக்கோள் வழியே கிளம்பியது. ஆம்ஸ்டர்டாம், ஜெருசலேம், டோக்கியோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று சுற்றி, சுமார் ஐந்து மணி நேரத்தில் நியூயார்க்குக்கே திரும்பியது. டோக்கியோவில் அப்போது அக்டோபர் 5. லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி 4! தோராவில் யாக்கோபு காணும் கனவில், வானத்தைத் தொடும் ஏணியில் தேவதைகள் முதலில் ஏறி, பிறகே இறங்குகிறார்கள். செயற்கைக்கோள் சமிக்ஞையின் பாதையும் அதேதான். எனக்கு மிகப் பிடித்த பொருத்தம் இது.

இப்படி எபிரேயச் சொற்களை வைத்து நீங்களும் ஒரு படைப்பு செய்து பார்ப்பதாக இருந்தால், கவனம் வேண்டியது எபிரேய எழுத்தில். வலமிருந்து இடமாக எழுதத் தெரியாத மென்பொருள் சொல்லையே திருப்பிப்போட்டுவிடும். 'மலாக்' சொல்லின் இறுதியில் வரும் காஃபுக்குக் கோட்டுக்குக் கீழே நீளும் தனி வடிவம் உண்டு. 'மெலாகா'வில் அது நடுவில் வருவதால் சாதாரண வடிவம். ஒன்றை நகலெடுத்து ஹே ஒட்டினால் பிழையாகிவிடும். பெல்ஷாத்சாரின் விருந்து ஓவியத்தில் ரெம்பிராண்டே, சொல்லின் இறுதியில் வரும் 'நூன்' எழுத்தை 'ஸாயின்' என்ற வேறோர் எழுத்தைப் போலத் தீட்டியிருக்கிறார். லண்டன் நேஷனல் கேலரியில் பார்க்கலாம்.