நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர், மொழியின் விதிகளைச் சொல்லும் தரநிலைப்படி நடக்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? சரியான நிரல்களை ஓட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. அது வேலையின் சுலபமான பாதி. தப்பான நிரலைக் கம்பைலர் மறுக்கிறதா என்று பார்ப்பதில்தான் கம்பைலர்களைச் சோதிக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பொழுது போகிறது.

ஏடா என்ற நிரல் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் தேவைக்காக உருவாக்கச் சொன்ன மொழி. 1983-இல் தரநிலை வந்தது. சோதனையில் தேறாத கம்பைலர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே பெயரை வணிகக்குறியாகப் பதிந்து 1987 வரை கையில் வைத்திருந்தார்கள். அந்தச் சோதனைத் தொகுப்பின் இன்றைய வடிவம்தான் ஏகாட்ஸ்.

அதில் 'பி' என்று தொடங்கும் கோப்பு ஒன்றைத் திறந்தால், வேண்டுமென்றே தப்பாக எழுதிய வரிகள் இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'எரர்' என்று குறிப்பு. நடுநடுவே 'ஓகே' என்று குறித்த சரியான வரிகளும் உண்டு. தப்பான வரி ஒன்றுகூட விடாமல் கம்பைலர் பிடிக்க வேண்டும். சரியான வரியைச் சீண்டக் கூடாது. முதல் பிழையிலேயே குழம்பி மற்றதைத் தவறவிட்டால்? கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி ஓட்ட வழியுண்டு. 'சி' என்று தொடங்கும் கோப்புகள் ஓடி முடிந்ததும் தாங்களே முடிவைச் சொல்லிவிடும்: தேறியது, தேறவில்லை, அல்லது 'இந்தக் கம்பைலருக்குப் பொருந்தாது'.

எனக்குப் பிடித்தது அதன் பிறகு நடக்கும் சண்டை. "சோதனைதான் தப்பு, தரநிலை அப்படிச் சொல்லவில்லை" என்று கம்பைலர்காரர் முறையிடலாம். அவர் பக்கம் நியாயம் இருந்தால் அந்தச் சோதனையையே விலக்கிவிடுவார்கள். தரநிலையில் ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்திருப்பது அப்போதுதான் வெளியே வரும்.

சி என்ற இன்னொரு நிரல் மொழியில் தலைவலி வேறு மாதிரி. தரநிலையே பல விஷயங்களைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. முழு எண்களுக்கான 'இன்ட்' வகை 32767 வரை தாங்கினாலே போதும். 32 பிட் இருக்கும் என்று நம்பி எழுதிய சோதனை செல்லாது. ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளில் எதை முதலில் கணக்கிட வேண்டும் என்றும் விதி இல்லை. எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று ஏற்கத்தான் வேண்டும். இன்னொன்று: ஜிசிசி என்ற சி கம்பைலரைச் சும்மா ஓட்டினால், எந்த வகை என்று சொல்லாத நினைவக முகவரியான 'வாய்ட்' பாயின்டரோடு ஒன்றைக் கூட்டினாலும் முணுமுணுக்காது, அது தரநிலையில் இல்லாமல் அவர்கள் சேர்த்துக்கொண்ட வசதி. 'பெடான்டிக்' போன்ற ஆப்ஷன் கொடுத்தால்தான் எச்சரிக்கும். ஆகவே, எந்த ஆப்ஷன்களோடு ஓட்டினீர்கள் என்று சொல்லாத 'தேறியது' என்ற அறிக்கையை நான் நம்புவதில்லை.

எல்லாம் தேறினாலும் கம்பைலரில் பிழையே இல்லை என்று ஆகாது. யூட்டா பல்கலைக்கழகத்தில் சிஸ்மித் என்ற கருவி செய்தார்கள். தானாகவே சி நிரல்களை எழுதித் தள்ளும். ஒரே நிரலுக்குப் பல கம்பைலர்கள் தரும் விடைகளை ஒப்பிட வேண்டியதுதான், விடை மாறினால் ஏதோ ஒன்றில் பிழை. 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், அதுவரை தெரியாமல் இருந்த 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டதாகச் சொன்னார்கள். ஜிசிசி, எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் இரண்டும் அதில் மாட்டின.

கற்றுக்கொள்ள நினைத்தால் ஏகாட்ஸ் இலவசம். முதலில் அந்த 'பி' கோப்புகளைப் படியுங்கள். சி மொழிக்கான பெரிய தொகுப்புகள் நிறுவனங்கள் விலைக்கு விற்பவை. தனி ஆளாக வாங்க வேண்டாம், ஜிசிசி மூல நிரலோடு வரும் சோதனைகளே ஆரம்பத்துக்குத் தாராளம்.